கை அகல வெளிச்சம்

சிவந்திருப்பது பூ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழாக் காலம் வந்தால் கடை வாசலிலும் வங்கி மேசையிலும் ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் தொட்டி தொட்டியாகக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அந்தச் செடியில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் இலை. பூ நடுவில் மஞ்சளாக, மிளகு அளவுக்கு, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். அந்த இலையும் தானாகச் சிவப்பதில்லை. பகலைக் குறைத்து இருட்டைக் கூட்டி நாங்கள்தான் சிவக்க வைக்கிறோம். சூரியன் இன்னும் மேற்கே நிற்கும்போதே கூடாரத்துக்குள் செடி வரிசைகளின் மேல் கறுப்புத் துணியை இழுத்து மூடிவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திறக்க வேண்டும். இலை முழுக்கச் சிவக்கும்வரை, மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல். நடுவில் வெளிச்சம் பட்டால் போச்சு. பட்ட இடம் பச்சையாகவே நின்றுவிடும்.

அந்த மாதங்களில் எங்களுக்கும் இருட்டுதான். கூடாரங்களுக்குப் பின்னால் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் நாங்கள் இருந்தோம். குடும்பத்துக்கு ஒரு ரூம். ஜன்னல்களில் சாக்கு அடித்திருப்போம். வாசல் விளக்கு போடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குப் போகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே போவோம்.

"செடிக்கு வந்த வாழ்வைப் பாருங்கடி. அதோட தூக்கம் கெடக் கூடாதுன்னு நாம சுவத்துல போய் முட்டிக்கணுமாம்!"

இப்படிக் கத்துகிறவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பேர் சைரன். ஒரு கூடாரத்தில் நின்று பேசினால் மற்ற கூடாரங்களில் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. எங்கள் ரூமுக்கு அடுத்த ரூம்தான். எனக்கும் அவளுக்கும் ஆகாது. குழாயில் முதலில் யார் குடம் வைப்பது, துணி காய்கிற கயிறு யாருடையது, நான் கூட்டுகிற குப்பை அவள் வாசலுக்குப் போகிறதா என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்கும். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்றாம் கூடாரத்தின் கறுப்புத் துணி அவள் பொறுப்பு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரம் ஓரமாகச் செருகிவிட்டுத்தான் வெளியே வருவாள்.

என் வேலை பேக்கிங். தொட்டியைத் துடைத்து, மினுங்குகிற தாளைச் சுற்றி, மண்ணில் ஓர் அட்டையைக் குத்திப் பெட்டியில் இறக்க வேண்டும். செடியின் காம்பு ஒடிந்தால் பால் வடியும். கையில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்கக் கண்ணீர்தான். அட்டையில் அதெல்லாம் இருக்காது. 'சிவப்பு: தியாகத்தின் நிறம்' என்று இருக்கும். வெள்ளை ரகத்துக்குத் 'தூய்மை'. முள் இலைக் கிளைக்கு, வாசலில் வைத்தால் கெட்டது அண்டாது என்று ஒரு கதை. சுற்றிப் படர்கிற கொடிக்கு 'விசுவாசம்'. இன்னொன்று இருக்கிறது, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தின் சாற்றை உறிஞ்சியே வளர்கிற செடி. அதைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால், கீழே சந்திக்கிற பகையாளிகள்கூட ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொள்வார்களாம். அதன் அட்டையில் 'சமாதானம்'.

சைரன் ஒரு நாள் அந்த அட்டைகளை எடுத்து எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "உறிஞ்சித் திங்கறதுக்குச் சமாதானம். காலைச் சுத்திக் கிடக்கறதுக்கு விசுவாசம். இருட்டுல போட்டு வதைச்சதுக்குத் தியாகம். எழுதினவங்க நம்ம ஆபீஸை நல்லாப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க." பேக்கிங் ஷெட்டே சிரித்தது.

எழுதுகிறவள் ஆபீஸில் இருக்கிற ஒரு பெண். அட்டையம்மா என்போம். மோசமானவள் இல்லை. வந்தால் சிரித்துப் பேசுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். அதனாலேயே அவள் மேல் கோபப்படுவது கஷ்டம்.

அந்த வருஷம் கடைக்காரர்களுக்கெல்லாம் கம்பெனி ஒரு விருந்து வைத்தது. வாசலில் பெரிய வளைவு கட்டி, வளைவு முழுக்க பல்பு. பகல் மாதிரி எரிந்தது. அது நின்றது மூன்றாம் கூடாரத்தின் மேற்குச் சுவருக்கு நேர் எதிரே. அந்தச் சுவரில், உள்ளே சேர்கிற சூட்டை வெளியே தள்ள, காற்றாடி ஓட்டைகள் உண்டு. அந்தப் பக்கம் எப்போதும் வெறும் பொட்டல், இருட்டு, அதனால் ஓட்டைகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. முதல் நாள் சாயங்காலம் துணியை இழுத்து மூடிவிட்டு வந்த சைரன், விளக்கு எரிந்ததும் திரும்ப உள்ளே ஓடினாள். வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத் துணிக்கு அடியில் புகுந்து செடி மேல் கிடந்தது.

"சார்! காத்தாடி வழியா வெளிச்சம் உள்ள வருது சார்! அணைக்கச் சொல்லுங்க!"

மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பேர் ரெண்டுநாள். தண்ணீர் வரவில்லை என்றாலும், கூரை ஒழுகுகிறது என்றாலும், ஒருத்தியின் கை வீங்கிவிட்டது என்றாலும், "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார்.

"ரெண்டு நாள்தானேம்மா. விருந்து முடிஞ்சா கழட்டிடுவாங்க. நீ துணியை நல்லா இழுத்துக் கட்டு."

"துணி சுவரு வரைக்கும் எட்டாது சார். மிச்சத்துக்கு என் தோலை உரிச்சா கட்டுறது?"

விருந்து முடிந்தது. வளைவு கழற்றப்படவில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எங்கள் வாசலில் ஒரு பல்புக்கு வழியில்லை, அங்கே வளைவு ஜொலித்தது. சைரன் தினமும் கத்தினாள். ஒரு நாள் சாக்குகளைச் சுருட்டி ஓட்டைகளில் அடைத்துப் பார்த்தாள். உள்ளே சூடு ஏறும் என்று சொல்லி ரெண்டுநாளே அவற்றைப் பிடுங்கிப் போட்டார். அவள் கத்தியது பம்ப் ரூமில் கேட்டது, பேக்கிங்கில் கேட்டது, ஆபீஸ் கண்ணாடிக்குள்ளும் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்று சொல்ல யாருக்கும் வாயில்லை.

மற்றக் கூடாரங்கள் சிவந்தன. மூன்றாம் கூடாரத்தின் மேற்கு வரிசைகளில் ஒவ்வொரு செடியும் ஒரு பாதி சிவந்து, சுவரைப் பார்த்த பாதி பச்சையாக நின்றது. முகத்தில் ஒரு கன்னத்துக்கு மட்டும் சாயம் பூசின மாதிரி.

மேனேஜர் வந்து பார்த்தபோது நான் பேக்கிங்கில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"துணி யாரு?" என்றாராம் மேனேஜர். சைரன் முன்னால் வந்தாளாம். அவர் துணியைத் தூக்கிப் பார்த்தாராம், சுவரைப் பார்த்தாராம், வெளியே நிற்கிற வளைவையும் பார்த்தாராம். பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்: "கை அகலம் திறந்து விட்டிருக்கா. சுத்தக் கவனக்குறைவு. இந்த வாரத்தோட அனுப்பிடுங்க. ரூமையும் காலி பண்ணச் சொல்லுங்க."

"சார், நான் தினமும் சொன்னேன் சார். இந்த ரெண்டுநா... இந்த சாரையே கேளுங்க."

மேனேஜர் ரெண்டுநாளைப் பார்த்தார். ரெண்டுநாள் தரையைப் பார்த்தார்.

"கத்துறது அவ பழக்கம் சார். எல்லாத்துக்கும்தான் கத்துவா."

அதைக் கேட்டபோது எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. சொல்லவில்லை என்று பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிடலாம். அவள் சொன்னாள் என்று ஒத்துக்கொண்டே, அவள் சொன்னதெல்லாம் கணக்கில் வராது என்று ஆக்கிவிட்டார். மெதுவாகச் சொன்னால் காதில் விழாது, சத்தமாகச் சொன்னால் பழக்கம். பிறகு எப்படித்தான் சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"பக்கத்துலதானே நின்னீங்க? வாயில என்ன, குழாயைச் சொருகி வச்சிருந்தீங்களா?"

"நான் பேசினா நம்ம ரூமும் போகும்."

"சண்டை போடச் சொல்லல. அவ கத்தினது என் காதுல விழுந்துச்சு சார்னு ஒரு வார்த்தை. கூடப் பிறந்தவதானே?"

"நீதானே, இவ எங்கேயாவது தொலைஞ்சா நிம்மதின்னு நேத்துக்கூடச் சொன்னே?"

"நான் சொல்வேன். நாளைக்கும் சொல்வேன். அது நம்ம வீட்டுச் சண்டை. அவன் யாரு அவளைத் துரத்துறதுக்கு?"

அவர் கையில் ஒட்டியிருந்த துருவைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கதவு தட்டாமல் சைரன் உள்ளே வந்தாள். அழுத முகமாக இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. பேசிய குரலும் அவளுடையதாக இல்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது.

"அண்ணி, சாக்கு இருக்கா? பாத்திரம் கட்டணும்."

"ஜன்னல்ல அடிச்சிருக்கறதை உருவிக்கோ. வெளிச்சம் போனாப் போகட்டும்."

"வேணாம். அதுக்கும் என் பேரைத்தான் சொல்வாங்க."

எங்கள் ரூமிலேயே தங்கிக்கொள் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு ரூமில் இரண்டு குடும்பம் இருக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வெளியே ரூம் தேடுவதென்றால் டவுனுக்குப் போக வேண்டும். குழந்தைக்கு நடக்கிற தூரத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடமும் போய்விடும். போகட்டும், வேறு பள்ளிக்கூடம் இல்லையா என்று சொல்கிறவர்கள், பாதி வருஷத்தில் ஒரு பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி எங்கேயாவது போய் நின்று பார்க்கட்டும்.

மறுநாள் அந்தப் பாதிப் பச்சைச் செடிகள் எங்கள் ஷெட்டுக்கு வந்தன. குப்பையில் கொட்டத்தான் என்று நினைத்தேன். கூடவே தங்க நிறத் தாள் கட்டுக் கட்டாக வந்தது. தங்கத் தாள் விலை உயர்ந்த ரகத்துக்கு மட்டும்தான் சுற்றுவோம். பின்னாலேயே அட்டையம்மா வந்து என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைக் கடித்தாள்.

"'விடியல்'னு வச்சா எப்படி இருக்கும்? பாதி இருட்டு, பாதி வெளிச்சம். நல்லா இருக்கு இல்ல?"

எழுதினாள். எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். 'விடியல். பச்சை பிரிவைக் குறிக்கும், சிவப்பு சந்திப்பைக் குறிக்கும். வீட்டைப் பிரிந்து போனவர் நலமாகத் திரும்பி வர, இச்செடியை வாசலில் வைப்பது பழைய மரபு.'

"யாரோட மரபும்மா?" என்று கேட்டேன்.

"எல்லா மரபுக்கும் ஒரு ஆரம்பம் இருக்கும் இல்லையா?" சிரித்தாள்.

"இப்ப இந்த மேசையில ஆரம்பிச்சது. அதுக்குள்ள எப்படிம்மா பழசாச்சு?"

"அட, பழசுன்னு போட்டாத்தாங்க நம்புவாங்க. பழுதாயிடுச்சுன்னா யாரு வாங்குவா? அர்த்தம் இருக்குன்னா வாங்குவாங்க."

"இந்தப் பழுதுக்காகத்தான் எங்க வீட்டுப் பொண்ணை வேலையை விட்டு, வீட்டை விட்டு அனுப்புறாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் வாடிவிட்டது. பேனாவை மூடினாள். "ஐயோ" என்றாள். பிறகு, "ஆனா அது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றாள். எழுதிய தாளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அட்டை அச்சாகி வந்துவிட்டது. நான்தான் குத்தினேன். வீட்டைப் பிரிந்தவர் திரும்பி வர, வீட்டைப் பிரிந்தவர் திரும்பி வர என்று தொட்டிக்குத் தொட்டி குத்திக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் காம்பு ஒடிந்து கண்ணில் பால் தெறித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

விடியல் பறந்துவிட்டது. கடைக்காரர்கள் போன் மேல் போன். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும். சாதாரணச் சிவப்பு தேங்கி நிற்க, பாதி வெந்தது முதலில் போனது. வியாபாரம் நடக்கட்டும், எனக்கென்ன. நஷ்டம் வந்தது என்றுதானே ஒருத்தியைத் தள்ளினார்கள்? இப்போது நஷ்டமே இல்லையே. அவளைக் கூப்பிட்டு, இருந்துகொள் என்று சொல்ல வேண்டியதுதானே? யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிற மூளை ஆபீஸில் ஒருவருக்கும் இல்லையா, அல்லது யோசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்களா? எனக்கு இரண்டாவதுதான் என்று பட்டது.

சைரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்; வாரக் கடைசிக்குள் ரூமைக் காலி பண்ண அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் துணிக்கு ஆள் குறைந்தது. என்னை ஐந்தாம் கூடாரத்துக்கு அனுப்பினார்கள். அது பிந்தி நட்ட செடி, இன்னும் இருட்டில் இருந்தது. துணி இழுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த ஓரத்தில் ஒருத்தி, அந்த ஓரத்தில் ஒருத்தி, இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒருத்தி நின்றால் துணி கோணிக்கொண்டு நடுவில் சிக்கிவிடும். எனக்கு எதிர்ப் பக்கம் நெட்டச்சி நின்றாள். உயரமான பெண், அதிகம் பேசமாட்டாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே ஓர் ஆள் மேற்குச் சுவரோரம் பல்பு மாலை கட்டிக்கொண்டிருந்தான். ரெண்டுநாள் உள்ளே வந்தார்.

"விடியல் இன்னும் வேணுமாம். இன்னிலேருந்து மேற்குப் பக்கம் கொஞ்சம் விட்டு மூடுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"கை அகலம்."

கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். "எவ்வளவு?"

"கை அகலம்மா."

"சத்தமா சொல்லுங்க சார், எனக்குக் காது மந்தம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. அடுத்த வரிசைகளில் இருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஆபீஸ் உத்தரவும்மா. என்கிட்ட ஏன் மல்லுக்கு நிக்கிறே? இழு."

"நான் இழுக்கல."

"நீ இழு," என்று நெட்டச்சியிடம் சொன்னார்.

நெட்டச்சி ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "ஒரு கையால துணி வராது சார்" என்றாள். அவள் அந்த மாதத்தில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மேனேஜர் வந்தார். வெளியே வெயிலைப் பார்த்தார், திறந்து கிடக்கிற செடிகளைப் பார்த்தார். மூட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, இன்னும் தாமதித்தால் கூடாரம் முழுக்கப் பாழ்.

"என்ன பிரச்சனை?"

"பிரச்சனை ஒண்ணும் இல்ல சார், ஒரு சந்தேகம்தான். கை அகலம் திறந்து விட்டான்னு ஒருத்தியை அனுப்பிட்டீங்க. இப்போ என்னைக் கை அகலம் திறக்கச் சொல்றீங்க. திறந்தா அனுப்புவீங்களா, மூடினா அனுப்புவீங்களா? தெரிஞ்சா இப்பவே போய் சாமானைக் கட்டிடுவேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது வேற, இது வேற. அது கவனக்குறைவு. இது பிளான்."

"செடிக்கு அந்த வித்தியாசம் தெரியலையே சார். ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே பச்சையா நிக்குது."

"வாய் பேசாதே."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். கத்தினா பழக்கம்னு சொல்லிடுவீங்க."

அப்போது பின்னாலிருந்து, "அவ கத்தினது எனக்குக் கேட்டுச்சு சார்" என்று ஒரு குரல். என் வீட்டுக்காரர். பம்ப் ரூமிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். "வெளிச்சம் உள்ள வருதுன்னு தினமும் சொன்னா. அங்க வரைக்கும் கேட்டுச்சு." சொல்லிவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். இதைச் சொல்ல இத்தனை நாளா என்று நினைத்தேன். ஆனாலும் என் கை கயிற்றை இன்னும் கெட்டியாகப் பிடித்தது.

மேனேஜர் திரும்பவும் வெயிலைப் பார்த்தார். எங்களைவிட அது அவரை அதிகமாக அவசரப்படுத்தியது.

"சரி சரி. அவளை வரச் சொல்லுங்க. ரூம் இருக்கட்டும். இப்போ இழுங்க."

"தப்பு அவமேல இல்லன்னு ஒரு வார்த்தை..."

அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பவில்லை. முதுகைப் பார்த்து எவ்வளவு நேரம் பேசுவது?

யாரோ வரிசை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லி சைரன் வந்தாள். ரெண்டுநாள் பல்லைக் காட்டினார். "அதான் வந்துட்டியே. விடும்மா. ரெண்டு நாள்ல எல்லாம் மறந்து போயிடும்."

"எனக்கு மறக்காது சார்." அந்தச் சின்னக் குரலிலேயேதான் சொன்னாள். "கத்துறது என் பழக்கம்னு சொன்னீங்க. இனிமே கத்தமாட்டேன். கூடாரமே தீப்பிடிச்சாலும் உங்க பக்கத்துல வந்து, காதுல மெதுவாச் சொல்றேன்."

நெட்டச்சி தொட்டியிலிருந்து எழுந்து இடம் விட்டாள். சைரன் அவள் கயிற்றை எடுத்தாள். இழுக்கவில்லை.

"எவ்வளவு விடணும் சார்?"

"தெரியுமேம்மா."

"தெரியாது. சொல்லுங்க."

"கை அகலம்."

"யாரு சொன்னது?"

ரெண்டுநாள் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "மேனேஜர் சொன்னது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "நானும் சொன்னேன்" என்றார்.

இரண்டு பேரும் இழுத்தோம். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. "என்ன அண்ணி இழுக்கிறே, சவலைப் பிள்ளை மாதிரி" என்று அதட்டினாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது.

அன்று வீட்டுக்குப் போன பிறகு நன்றி என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் விடிந்ததும் குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு அவள் குடத்தை வைத்தாள். சீசன் முடிந்த பிறகும் அந்த ரூம் அவளுக்கு இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். இருந்தாலும் ஐந்தாம் கூடாரத்தில் தினமும் சாயங்காலம், எல்லோரும் கயிற்றைப் பிடித்து நிற்கும்போது, அவள் ரெண்டுநாளைக் கூப்பிட்டுக் கேட்பாள்: எவ்வளவு சார்? யாரு சொன்னது சார்? முதலில் அவர் முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றாள். சத்தமாகச் சொன்னார். பதில் வரும்வரை நானும் என் பக்கத்துக் கயிற்றை இழுக்கவில்லை.